கோச்சி போகையில் அக்கா பார்த்தது

எங்கள் வீட்டில் ஒரு மார்கழி முழுவதும் எல்லாரும் அக்காவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கே பார்க்கிறாள், எவ்வளவு நேரம் பார்க்கிறாள், பார்த்துவிட்டு ஏன் குனிகிறாள் என்று. அப்பா ஒரு பக்கம், அண்ணை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

என் வயதுக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கோச்சி போகும்போது தலை நிமிர்த்தாத ஆள் அந்தக் காலத்தில் யார்? ரயிலை நாங்கள் கோச்சி என்றுதானே சொல்வோம். கிணற்றில் துலா மிதித்தவனும் பார்த்தான், மாடு கட்டப் போனவனும் பார்த்தான், மாடும் பார்த்தது. ஆனால் எங்கள் அக்கா மட்டும் பார்க்கக் கூடாது என்று ஒரு காலம் இருந்தது. அதற்குக் காரணம் ஒரு இங்கிலீசுச் சொல். எனக்கு இங்கிலீசு தெரியாது. தமிழே நாலாம் வகுப்போடு நின்றதுதான். ஆனாலும் அந்த ஒரு சொல்லை நித்திரையால் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கிளிம்ப்ஸ்.

எங்கள் தோட்டம் சுன்னாகம் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் வடக்கே, தண்டவாளத்தை ஒட்டிக் கிடந்தது. செம்மண். தோட்டத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் வேலி இல்லை, நாயுண்ணிப் பற்றைகள்தான். கோச்சி வந்தால் காலுக்குக் கீழே மண் முதலில் சொல்லும், பிறகுதான் காது கேட்கும். கரிப்புகை வெங்காயத் தாளில் படியும். விடியப்புறம் பனியோடு சேர்ந்து அந்தக் கரி தாளில் கறுப்புப் புள்ளியாய் ஒட்டியிருக்கும். அதைப் பிடுங்கிக் கூடையில் போட்டால் கை முழுக்க ரயில் மணக்கும். பிறகு யுத்தத்தில் அந்தத் தண்டவாளம் கனகாலம் இல்லாமற் போனதும், திரும்ப வந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. இப்போது ஓடுவதில் கரியும் இல்லை, மணமும் இல்லை.

அக்காவுக்கு அப்போது பதினெட்டு. எனக்கு ஒன்பது. அக்கா சோதனையில் எல்லாப் பாடமும் சித்தி, இங்கிலீசு மட்டும் விழுந்துவிட்டது. நேர்ஸ் பயிற்சிக்குப் போக அந்த இங்கிலீசு வேண்டும். தை மாதத்தில் திரும்பவும் சோதனை. அதற்காக அம்மாவைப் பிடித்து, கொழும்பிலிருந்து தபாலில் வரும் பாடத்தில் சேர்ந்திருந்தாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை தடித்த மண்ணிறக் கடித உறை ஒன்று வரும். உள்ளே மெல்லிய தாள்களில் அச்சடித்த பாடம். அக்கா அதைப் படித்து, கூடவே வரும் வெறுந்தாளில் பயிற்சி எழுதி, இரண்டையும் திருப்பி அனுப்புவாள். அங்கே யாரோ ஒருவர் திருத்தி, முதல் தாளில் சிவப்பு மையில் பெரிய சரி போட்டு மறுபடி அனுப்புவார். பன்னிரண்டு பாடத்தில் ஒன்பது முடிந்திருந்தது.

அப்பாவுக்கு ஏதோ தாள் வருகிறது என்று தெரியும். என்ன தாள் என்று அவர் கேட்டதில்லை. படிக்கத் தெரியாத தாளைப் பற்றிக் கேட்டால், பதில் சரியோ பிழையோ என்று பார்க்க முடியாதே. அப்பா அப்படிப்பட்ட கேள்வி கேட்க மாட்டார். இது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அப்போது, அப்பா அக்காவில் முழு நம்பிக்கை வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

இனி என் பட்டத்துக்கு வருகிறேன். அதற்குள்ளேதான் எல்லாம் இருக்கிறது.

வாடைக்காற்று தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு வேறு வேலை இல்லை. அண்ணை எனக்கு ஒரு பட்டம் கட்டித் தந்திருந்தான். மூங்கில் சீவி, வில் வளைத்து, அதில் விண் பூட்டியிருந்தான். விண் என்பது காற்றில் அதிர்ந்து கூவுகிற மெல்லிய நார். மேலே ஏறினால் அது கூவுகிற சத்தம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். கட்டித் தந்த கையோடு ஒன்று சொன்னான்:

"கிழிச்சியோ, உன்ரை முதுகிலைதான் அடுத்த பட்டம் கட்டுவன்."

மூன்றாம் நாளே அது பனை வடலியில் குத்திக் கிழிந்தது. ஓட்டை என் உள்ளங்கை அகலம். வீட்டுக்குள் போனேன். அக்காவின் றங்குப்பெட்டிக்கு மேலே அந்தத் தாள்கள் இருந்தன. தொட்டுப் பார்த்தால் வெங்காயச் சருகு போல மெல்லிசு. மேலே கிடந்ததை எடுத்தேன். பெரிய சிவப்புச் சரி போட்ட பகுதியைக் கிழித்து, சோற்றுப் பசையில் ஒட்டினேன். மிச்சத்தை அடுப்புக்குள் திணித்தேன். அண்ணை கேட்டால், பட்டத்துக்குப் பொட்டு வைத்தேன் என்று சொல்ல நினைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. அவனுக்கு அடுத்த நாளே வேறு வேலை வந்துவிட்டது.

கீழே கிடந்த இரண்டாம் தாள் காற்றுக்குப் பறந்து முற்றத்தில் கிடந்தது. அதை அண்ணை எடுத்தான். அதில் அக்காவின் கையெழுத்து. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து, சிவப்பு மையில். அண்ணைக்கு அப்போது மீசை முறுக்கத் தொடங்கிய காலம். உலகத்தில் உள்ள ஆம்பிளைகள் எல்லாம் தன் தங்கச்சியைத்தான் பார்க்கிறார்கள் என்று அவனுக்கு ஒரு எண்ணம். தாளை அக்காவிடம் கொடுக்காமல் அப்பாவிடம் கொண்டுபோனான்.

"அப்பா, உதைப் பாருங்கோ. இவள் எழுதியிருக்கிறாள். எவனோ பதில் எழுதியிருக்கிறான்."

அப்பா தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு திருப்பிப் பிடித்தார். அன்று பின்னேரமே மூன்று பேரும் கிளாக்கர் ஐயாவிடம் போனோம். அவர் ரயில்வேயில் கிளார்க் வேலை செய்து பென்சன் எடுத்தவர், ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு. வெறுங்கையோடு போகக் கூடாது என்று அப்பா பறித்த கத்தரிக்காய்ப் பை என் தலையில் இருந்தது.

கிளாக்கர் ஐயா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"ஆற்றை எழுத்து இது?"

"தெரிஞ்ச ஒரு இடத்திலை எடுத்தது, ஐயா. என்ன எழுதிக் கிடக்கு எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார் அப்பா. அக்காவின் பெயரைச் சொல்லவில்லை.

"இரும், வாசிக்கிறன். 'கோச்சி போகேக்கை வெங்காயத் தோட்டத்திலை நிண்டு அவனைக் கண்டன்.' இது முதல் வரி. 'அவன் யன்னல் ஓரம் இருந்தவன், ஒரு கணம்தான் கண்டன்.' இது ரண்டாவது. 'திரும்ப ஒருக்காக் காணுவனோ தெரியாது.' இது மூண்டாவது."

அண்ணை அப்பாவைப் பார்த்தான். அப்பா மண்ணைப் பார்த்தார்.

"மூண்டு வரியிலையும் ஒரே சொல்லு கிடக்கு. கிளிம்ப்ஸ், கிளிம்ப்ஸ் எண்டு."

"அதெண்டால் என்ன ஐயா?"

"அது ஒரு பார்வை."

"என்ன மாதிரிப் பார்வை?"

கிளாக்கர் ஐயா யோசித்தார். "சட்டெண்டு கண்டிட்டு விடுறது. வடிவாப் பாக்கிறேல்லை."

"களவாப் பாக்கிறதோ?"

"களவெண்டும் வைக்கலாம்" என்றார் அவர்.

அந்த ஒரு சொல்லை அவர் சும்மாதான் சொன்னார். கத்தரிக்காய் கொண்டுவந்த மனிசனை வெறுமையாய் அனுப்பக் கூடாது என்று சொல்லியிருப்பார். ஆனால் அப்பாவின் முகம் அதோடு மாறியது.

"கீழை சிவப்பிலை?"

"'நல்லாயிருக்கு. இன்னும் எழுதவும்.'"

"கேட்டியளே அப்பா, இன்னும் எழுதட்டாம்!" என்று அண்ணை துள்ளினான்.

கிளாக்கர் ஐயா தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உதுக்கு முதல் ஒரு தாள் இருக்க வேணும். மேலை ரண்டு எண்டு இலக்கம் போட்டிருக்கு. முதல் தாளைப் பாத்தால்தான் இது என்ன விஷயமெண்டு வடிவாச் சொல்லலாம்" என்றார்.

என் தலையில் பை இல்லை, இறக்கியாயிற்று. ஆனால் பாரம் மட்டும் அப்படியே இருந்தது. சிவப்பு மையும் மெல்லிசுத் தாளும் எனக்குத் தெரிந்தவை. வாய் திறந்தால் பட்டத்தைக் கிழித்த அடி ஒன்று, தாளைக் களவெடுத்த அடி ஒன்று. நான் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது அண்ணை, "முதல் தாளை ஒளிச்சுப்போட்டாள்" என்றான்.

வீட்டில் அக்காவைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். அம்மா குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள்.

"ஆர் அவன்?" என்றார் அப்பா.

"எவன் அப்பா?"

"கோச்சியிலை யன்னலோரம் இருக்கிறவன்."

அக்கா முதலில் சிரித்தாள். அதுதான் பிழையாகப் போனது. சிரித்தபடியால் அண்ணைக்கு இன்னும் ஏறியது.

"அப்பா, அது பாடம். ஒரு சொல்லுத் தந்து, அதை வைச்சு வசனம் எழுதச் சொன்னவை. எனக்கு வேறை என்ன தெரியும்? தெரிஞ்ச கோச்சியையும் வெங்காயத்தையும் வைச்சு எழுதினனான்."

"களவாப் பாக்கிறதுக்கு ஒரு சொல்லுப் படிப்பிக்கிறாங்களோ கொழும்பிலை?"

"களவு இல்லை அப்பா! தேடிப் பாக்கிறதும் இல்லை. போற போக்கிலை தானாக் கண்ணிலை பட்டுப் போறது. முதல் தாளிலை அப்பிடித்தான் விளக்கம் போட்டிருக்கு."

"அப்ப முதல் தாளைக் கொண்டு வா."

அக்கா போனாள். றங்குப்பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது, பிறகு மூடுகிற சத்தம். மறுபடி திறக்கிற சத்தம். பாயை உதறினாள். புத்தகங்களை உதறினாள். வெளியே வந்து, "பெட்டிக்கு மேலைதான் வைச்சனான்" என்றாள். இப்போது அவள் குரலில் சிரிப்பு இல்லை. மற்ற எட்டுப் பாடத்தையும் நீட்டினாள், "அதுகள் பாடந்தான், இதுதான் கடிதம்" என்று அண்ணை தள்ளிவிட்டான்.

அப்பா கெட்ட மனிசன் இல்லை. அதையும் சொல்லவேண்டும். எல்லாருக்கும் முன்னால்தான் சொன்னார்:

"பொங்கல் வரைக்கும் பாப்பம். அந்தத் தாளைக் காட்டு. கிளாக்கர் ஐயா வாசிச்சுப் பாடமெண்டு சொன்னால், நானே உன்னைச் சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போறன். காட்டேல்லையெண்டால் சோதனையும் இல்லை, பாடமும் இல்லை."

பொருள் போட்ட தாள் பட்டத்தில் இருந்தது. உதாரணம் எழுதிய தாள் அப்பாவின் மடியில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் இருந்தேன். அடுப்புக்குள் போனது போக மிஞ்சியதைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாலும் காணும். கிளாக்கர் ஐயாவுக்கு அது போதும். இதை இன்று சொல்கிறேன். அன்று நினைத்தது, என் முதுகை மட்டும்.

அடுத்த நாளே அப்பா வேலி அடைக்கத் தொடங்கினார். நாயுண்ணியை வெட்டி, கதியால் தடி நட்டு, பனையோலை வரிந்து, தண்டவாளப் பக்கம் முழுவதும் ஆளுயர வேலி. எங்கள் ஊரில் வேலிக்குச் சண்டை பிடிக்காத வீடு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இது புதுசு. பக்கத்துத் தோட்டக்காரர் வந்து நின்று பார்த்தார்.

"என்ன அண்ணை, ரெயில்வேக்காரனோடையும் எல்லைச் சண்டையோ?"

"ஆடு வருது" என்றார் அப்பா.

"தண்டவாளத்தாலையோ? டிக்கற் எடுத்தே வருது?"

அப்பா ஓலையை இறுக்கினார். அந்த வேலி காலை வெயிலை மறைத்து, ஓரத்தில் நாலு பாத்தி வெங்காயம் வெளிறிப் போனது. அதற்கும் அக்காவைத்தான் பேசினார்கள்.

என்னைக் காவல் வைத்தது அண்ணை. அக்கா களை பிடுங்கும்போது நான் தோட்டத்தில் பட்டம் விடலாம், ஆனால் கோச்சி வரும்போது கண் அக்காவில் இருக்கவேண்டும். பின்னேரம் விசாரணை.

"பாத்தவளோ?"

"ஓம்."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம்."

"கொஞ்சமெண்டால்? எத்தினை பெட்டி?"

அப்படித்தான் அளந்தார்கள். எஞ்சின் கடக்கிற நேரம் பார்த்தால் பிழை இல்லை. ஒரு பெட்டி கடக்கிற நேரம் பார்த்தால் கவனிக்கவேண்டும். இரண்டு பெட்டி என்றால் அது பார்வை. வேலி வந்தபிறகு பெட்டிகளின் மேல்பாதிதான் தெரிந்தது. ஆனாலும் அளவு மாறவில்லை. அண்ணை ஸ்டேஷனுக்கே போய் நின்று, யன்னலோரம் இருக்கிற ஆம்பிளைகளை எல்லாம் பார்த்து வைத்தான். பச்சைக்கொடி காட்டுகிற கார்ட் மேலும் அவனுக்குச் சந்தேகம். கார்டுக்குத் தலை முழுக்க நரை.

அம்மா ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டாள்:

"அவள் ரண்டு பெட்டி பாத்தாள் எண்டு சொல்லுறியள். நீங்கள் தேப்பனும் மோனும் கோச்சி முழுக்கப் பாக்கிறியளே, அதுக்கு ஆர் வேலி அடைக்கிறது?"

"நீ வாயை மூடு. உறை வரேக்கை எனக்குச் சொல்லாமல் விட்டதும் நீதான்" என்றார் அப்பா. அதோடு அம்மாவும் சந்தேகத்துக்குள் வந்துவிட்டாள்.

அக்கா அந்த நாட்களில் தேடிக்கொண்டே இருந்தாள். அரிசிப் பானைக்குள், கூரை இறப்பில் செருகியிருந்த ஓலைகளுக்குள், கோழிக்கூட்டுக்குள். என்னிடமும் கேட்டாள்.

"நீ கண்டனியே தம்பி? மெல்லிசுத் தாள். மேலை பெரிய சிவப்புச் சரி."

"இல்லை."

அவள் என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்து கூட்டத் தொடங்கினாள். அன்றைக்குத்தான் முதல் தடவை எனக்கு அவளில் சந்தேகம் வந்தது. இவளுக்குத் தெரிந்துவிட்டதோ?

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு பின்னேரம். காற்று பலமாக இருந்தது. பட்டம் உச்சத்தில் நின்று கூவிக்கொண்டிருந்தது. கால் மண் அதிர்ந்தது. கோச்சி வருகிறது. நான் அக்காவைப் பார்க்கவேண்டும், அதுதானே என் வேலை. நூலைக் காலால் மிதித்துக்கொண்டு திரும்பினேன். அந்த நேரம் பார்த்துப் பட்டம் குத்தியது. தலைகீழாகச் சுற்றிச் சுற்றி, அக்காவின் தலைக்கு மேலே இரண்டு பனை உயரத்துக்கு இறங்கி வந்தது. பின்வெயிலில் அந்த ஒட்டுத் தாள் எரிகிற மாதிரித் தெரிந்தது. சிவப்புச் சரி மறுபக்கமாய்த் தெரிந்தது. நான் பதறி நூலை இழுத்தேன், பட்டம் திரும்ப ஏறிவிட்டது.

அக்கா நிமிர்ந்தாள். பார்த்தாள். குனிந்தாள். அவ்வளவுதான். எஞ்சின் கூடக் கடந்து முடியவில்லை.

வேலிக்கு மேலாலே கோச்சியைப் பார்த்தாளா, அதற்கும் மேலே பட்டத்தைப் பார்த்தாளா? எனக்குத் தெரியவில்லை. தெரியாதபடியால்தான் பயம் பிடித்தது. அண்ணை அன்று கேட்டபோது, "மேலை பாத்தவ" என்று சொன்னால், மேலே என்ன என்று கேட்பான். பட்டத்தை இறக்கு என்பான். ஆகவே நான் சொன்னேன்:

"கோச்சியைப் பாத்தவ. ரண்டு பெட்டி. இல்லை, மூண்டு."

"சிரிச்சவளோ?"

"ஓம்."

அவன் கேட்டான், நான் கொடுத்தேன். அக்கா சிரிக்கவில்லை.

அன்று பொழுதுபடுவதற்குள் பட்டத்தின் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டேன். அது கூவிக்கொண்டு தெற்கே போனது. விழுந்த இடம் தெரியாது. அண்ணை கேட்டான், அறுந்துவிட்டது என்றேன். அந்தக் காலத்தில் அறுந்த பட்டத்துக்காக யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை.

பொங்கலன்று, பொங்கிய அடுப்பிலேயே அக்காவின் ஒன்பது பாடத்தில் மிஞ்சியிருந்த எல்லாவற்றையும் அண்ணை போட்டான். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். பத்தாம் பாடம் பிந்தி வந்தபோது தபால்காரரிடம், "அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அக்கா குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். துருவலின் சத்தம் நிற்கவில்லை.

சோதனைத் திகதி வந்து போனது. வைகாசியில் சண்டிலிப்பாயில் ஒரு புகையிலைத் தோட்டக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிசன். அத்தானில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். அவரும் போய்ப் பத்து வருடம் ஆகிறது.

அதற்குப் பிறகு அறுபது வருடம், ஏறக்குறைய. கலியாணவீடு, செத்தவீடு, கோயில் திருவிழா. இடம்பெயர்ந்து ஒரே பள்ளிக்கூடத்து விறாந்தையில் பாய்க்குப் பாய் படுத்திருக்கிறோம். எங்கே கண்டாலும் அக்கா என்னை ஒருமுறை பார்ப்பாள். நேராகப் பார்ப்பாள், ஒரு எஞ்சின் நேரம் கூட இல்லை, எடுத்துவிடுவாள். பிறகு, "சாப்பிட்டியே?" என்பாள். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. தெரியும் என்கிறாளா? தெரியாது, ஆனால் பிடிப்பேன் என்கிறாளா? அவள் பிள்ளைகளிடம் ஏதும் சொல்லியிருக்கிறாளா? மருமகள் எனக்கு ஒருநாள் தேத்தண்ணி ஆறிப்போய்க் கொடுத்தால்கூட, அதற்குள்ளும் அந்தத் தாள் கிடக்கிறது என்று நினைத்தேன். அக்கா வீட்டில் ஐந்தாம் ஆறாம் படிக்கிற பேரப்பிள்ளைகள் இங்கிலீசுப் புத்தகத்தோடு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

போன மாதம் அக்காவுக்குக் கண்ணில் ஒப்பரேசன். பிள்ளைகள் எல்லாம் இப்போது வெளிநாட்டில், கூட நிற்க நான்தான். ஒரு கண்ணில் ஏற்கெனவே பார்வை இல்லை, மற்றதில் செய்து துணி கட்டி விட்டார்கள். கட்டிலில் நிமிர்ந்து படுத்திருந்தாள். அந்த முகத்தில் கண் இல்லை. அறுபது வருடத்தில் முதல் தடவையாக என்னைப் பார்க்க முடியாத அக்கா. பகல் பன்னிரண்டு மணி. பக்கத்துக் கட்டில்காரி சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் தானாகத் திறந்தது.

"அக்கா."

"ம்."

"அந்த முதல் தாள்."

அவள் எந்த முதல் தாள் என்று கேட்கவில்லை.

"நான்தான் எடுத்தனான். பட்டத்துக்கு ஒட்டினனான்."

"தெரியும்" என்றாள்.

"எப்பிடி?"

"கண்டனான். கோச்சி போகேக்கை பட்டம் குத்திக்கொண்டு வந்ததெல்லே. அதிலை அந்தச் சரி. ஒருக்காத்தான். பேந்து நீ இழுத்துப்போட்டாய்."

"அப்ப ஏன் அப்பாட்டைச் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? கண்டது கண் மூடித் திறக்கிற நேரம். அதுதானோ வேறையோ எண்டு எனக்கே உறுதியில்லை. பொழுதுபடப் பாத்தால் பட்டமும் இல்லை. அப்பிடிக் கண்டதை வைச்சு ஆளைப் பிடிக்கிறது எப்பிடியிருக்கும் எண்டு அந்த மாசம் முழுக்க நான்தானே பட்டனான். உன்னையும் அதுக்குள்ளை தள்ளுறதோ?"

பக்கத்துக் கட்டில்காரி கோப்பையைக் கழுவப் போனாள்.

"முதல் தாளிலை என்ன இருந்தது தெரியுமே?" என்றாள் அக்கா. "அந்தப் பார்வையை இங்கிலீசிலை பிடிக்கிறது எண்டு சொல்லுவினமாம். பிடிச்சு வைச்சிருக்கேலாத ஒண்டைப் பிடிக்கிறது. எனக்கு அது நல்லாப் பிடிச்சது. அதுதான் மூண்டு வசனம் எழுதினனான். ஒண்டு எழுதினால் காணும் எண்டுதான் போட்டிருந்தது."

"அந்த யன்னலோரம் இருந்தவன் ஆர் அக்கா?"

கேட்ட பிறகுதான் வெட்கம் வந்தது. இந்த வயதிலும் அண்ணையின் ஆளாகவே கேட்டிருக்கிறேன். அவள் துணிக்குக் கீழே சிரித்தாள்.

"ஆரோ ஒரு மனிசன். வாழைப்பழம் உரிச்சுக்கொண்டு போனவன். உதாரணத்துக்கு ஒரு ஆள் வேணுமெல்லே."

கொஞ்சநேரம் கழித்து, நித்திரையாகிவிட்டாள் என்று நான் எழும்பப் போகையில் சொன்னாள்:

"நீ சொல்லுவாய் எண்டுதான் இருந்தனான். உன்னைக் காணுற நேரமெல்லாம் ஒருக்காப் பாப்பன், இண்டைக்குச் சொல்லுவானோ எண்டு. பேந்து கேக்கிறேல்லை. நீயாச் சொல்ல வேணும்."

அடுத்த நாள் காலை துணி அவிழ்த்தார்கள். அவிழ்த்தது ஒரு சின்ன நேர்ஸ், பதினெட்டு, இருபது வயது இருக்கும். அக்கா முதலில் அந்தப் பிள்ளையின் வெள்ளை உடுப்பைத்தான் பார்த்தாள். தோளிலிருந்து கீழே வரைக்கும் ஆறுதலாகப் பார்த்தாள்.

"அம்மா, இந்தப் பக்கம் பாருங்கோ. இவரைத் தெரியுதோ?"

அக்கா திரும்பினாள்.

"என்ரை தம்பி. கிழவனாப் போனான்."

அந்தக் காலத்து அளவில் சொன்னால், எஞ்சின் போய், பெட்டிகள் எல்லாம் போய், பச்சைக்கொடிக்காரனும் போய் முடிந்திருக்கும். அக்கா கண்ணை எடுக்கவில்லை. நான்தான் குனிந்தேன்.